வாக்ஜாய் கோட்டையும் எட்டாத ஏணியும்

…இல்லை, வாலைப் பிடித்ததில் தப்பே இல்லை, ஏணிக்கு ஏது தலை, ஏது வால் என்று கேட்கிறவன் ஏணியைச் சுமந்ததில்லை, சுமக்கிறவனுக்குத் தெரியும், முன்னால் போகிறவன் தலை, சுவரை அடைந்ததும் அவன்தான் முதலில் ஏற வேண்டும், பின்னால் வருகிறவன் வால், அவன் அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், இது கொக்கு துரையின் உத்தரவு. துரைக்குப் பெயர் அதுவல்ல, உண்மைப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, கழுத்தும் காலும் நீளம், அதனால் கொக்கு… நேற்றே ஹவில்தாரிடம் போய், முழங்கால் வலிக்கிறது, பாய்ந்து ஏற முடியாது, பின்னால் போட்டால் புண்ணியம் என்று சொல்லிவைத்தது நல்லதாகப் போயிற்று என்று ரூப்நாக் நினைத்துக்கொண்டான். ஏணியின் முன்முனை அம்பநாக்கின் தோளில் இருந்தது, அவன் கிளம்பியதிலிருந்து முனகிக்கொண்டே போகிறான், என் ஜாதகத்திலேயே முன்வரிசை என்று எழுதியிருக்கு, கல்யாண விருந்தில் மட்டும் கடைசிப் பந்தி, சாவில் முதல் பந்தி… முனகட்டும், முனகுகிறவன் அவ்வளவு சுலபமாகச் சாக மாட்டான். நடுவில் இரண்டு பேர் வாய் திறக்காமல் சுமந்தார்கள். மூங்கில் தோளை அறுத்தது, சிவப்புக் கோட்டு அக்குளில் இறுக்கியது, கழுத்தில் கட்டிய தோல்பட்டை தலையைக் குனிய விடவில்லை, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே மலை ஏறுகிற படை உலகத்திலேயே கம்பெனிப் படை ஒன்றுதான்.

ஏணியின் நீளத்தை யார் அளந்தார்கள்? எதிர்மலையில் நின்றபடி கொக்கு துரை குழாய்க் கண்ணாடியில் சுவரைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடினார், கட்டை விரலை நீட்டிப் பிடித்தார், பிறகு தச்சனிடம் கையை அகட்டிக் காட்டினார், தச்சன் தலையாட்டினான், அவ்வளவுதான், வேலை முடிந்தது. காலையில் வரிசையில் நிறுத்திப் பேச்சு வேறு, தனக்குத் தெரிந்த பேச்சில், "சுவர் சின்னது! ஏணி பெரிசு! நீங்க ரொம்பப் பெரிசு!" என்றார், எல்லோரும் ஜே போட்டார்கள், ரூப்நாக்கும் போட்டான், ஆனால் அவன் மனசு அப்போது பேச்சில் இல்லை, பாக்நாக்கிடம் இருந்தது. பாக்நாக் என்றால் அவன் பெண்டாட்டி சகுணாவின் அண்ணன். இந்த வாக்ஜாய் கோட்டையின் மேற்குச் சுவருக்குப் பரம்பரைக் காவல்காரன். பீரங்கிக்குப் பயப்படலாம், அது பொதுவான பயம், படையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எதிரிக் கோட்டையில் மச்சான் இருக்கிறான் என்பதை யாரிடம் சொல்வது? ஹவில்தார் ஷேக் புடனிடமா? அவர் உடனே, அப்படியா, அப்ப நீதான் முதல்ல ஏறணும், சொந்தக்காரனைத் தள்ளமாட்டான் என்பார். அவருக்குச் சொந்தக்காரர்களைப் பற்றி என்ன தெரியும்? பாக்நாக் முதலில் சொந்தக்காரனைத்தான் தள்ளுவான்.

சகுணாவிடம் போர் என்று சொல்லவில்லை, கொங்கணத்துப் பக்கம் போகிறோம், சும்மா வரி வசூலுக்குக் காவல், திரும்பும்போது உலர்ந்த இறால் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். மராட்டியப் பேஷ்வா ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறார், கம்பெனி பின்னாலேயே துரத்துகிறது, இதில் இறால் எங்கே வரும், ஆனால் அவள் நம்பினாள். நம்பினாளா? கதவில் சாய்ந்துகொண்டு, சரி, பெரிய இறாலா பார்த்து எடு என்றாளே, அந்தக் குரலில் ஏதோ… இல்லை, நம்பினாள். அவளிடம், உன் அண்ணன் காக்கிற சுவரை உடைக்கப் போகிறேன் என்று எந்தப் புருஷன் சொல்வான், சொன்ன பிறகு எந்தப் புருஷன் சாப்பிட உட்கார முடியும்? யோசித்துப் பார்த்தால் கோட்டைக்குள் நுழைந்து ஜெயித்துவிட்டாலும் வீட்டுக்குப் போக முடியாது, தோற்றுச் செத்தால் மட்டுமே அவள் முகத்தில் விழிக்காமல் தப்பலாம்… சீ, என்ன யோசனை இது, காலைப் பார், கால் வைக்கிற இடத்தைப் பார், பார்க்க முடியவில்லையே இந்தக் கழுத்துப்பட்டையில்.

பீரங்கிப் புகை ஓடை முழுக்க இறங்கிக் கிடந்தது. ஹவில்தார் சட்டென்று கையைத் தூக்கினார், எல்லோரும் நின்றார்கள், அம்பநாக்கின் முனகலும் நின்றது. எதிரே சுவர் இல்லை. வெறும் பாறை, அதில் ஒரு குரங்கு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ஹவில்தார் குரங்கைப் பார்த்தார், குரங்கு ஹவில்தாரைப் பார்த்தது, இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. "ஓடை மாறி வந்துட்டோம்டா," என்றார் ஹவில்தார், "திரும்பு, அப்படியே திரும்பு." அப்படியே திரும்பினால்? ஓடை ஏணியை வட்டமாகத் திருப்புகிற அளவுக்கு அகலமில்லை, ஆட்கள்தான் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், திரும்பினார்கள், ரூப்நாக்குக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது, முன்னால் யாருடைய முதுகும் தெரியவில்லையே என்று முதலில் நினைத்தான், காற்று நேராக முகத்தில் அடிக்கிறதே என்று நினைத்தான், பின்னாலிருந்து அம்பநாக் அன்று முதல்முறையாகச் சிரித்த சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது, வால் தலையாகிவிட்டது. "ரூப்யா," என்று அம்பநாக் கூப்பிட்டான், "முழங்கால் எப்படி இருக்கு?" ஹவில்தார், ஹவில்தார், முனை மாறிப்போச்சு, என் முழங்கால்… "முழங்கால் ஏறும்போது மடங்கினா போதும், ஓடு!" ஓடினான். வேறு என்ன செய்வது? ஏணி பின்னாலிருந்து தள்ளுகிறது, நின்றால் முதுகில் குத்தும், கம்பெனிப் படையின் வீரம் பாதி இப்படிப் பின்னாலிருந்து குத்துகிற மூங்கிலில்தான் இருக்கிறது.

பக்கத்து ஓடையில் ஏறியதும் சுவர் திடீரென்று வந்தது, கறுத்து, பாசி படிந்து, நிமிர்ந்து. ஏணியை நிறுத்தினார்கள், அம்பநாக் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏறு ராஜா, ஏறு, நான் பிடிச்சிருக்கேன், மலையே பிடிச்ச மாதிரி என்றான், ஹவில்தார் துப்பாக்கிக் கட்டையால் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினார், ரூப்நாக் ஏறினான், கண்ணை மூடிக்கொண்டு ஏறினான், எண்ணெய்ச் செக்கு மாதிரி ஒரே அசைவு, கை, கால், கை, கால், இப்போது சூடான எண்ணெய் வருமா, கல் வருமா, வெடி வருமா, எது வந்தாலும் முகத்தில் வராமல் இருக்கட்டும், சகுணா அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமே… ஒன்றும் வரவில்லை. கையை நீட்டினான், அடுத்த படி இல்லை. இன்னொரு முறை துழாவினான். காற்று. கண்ணைத் திறந்தான். ஏணி முடிந்துவிட்டது, சுவர் முடியவில்லை, மேலே இன்னும் இரண்டு முழத்துக்குச் சுவர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவர் சின்னது, ஏணி பெரிசு! கொக்கு, உன் கட்டை விரல் நாசமாகப் போக… "எட்டலை!" என்று கத்தினான். "என்னது?" என்றார் கீழேயிருந்து ஹவில்தார். "ஏணி எட்டலை ஹவில்தார்! அடியில ஏதாவது பலகைக்கல் பார்த்து முட்டுக் கொடுங்க!" அம்பநாக்கின் குரல், இருடா, பாக்கறேன், ஆடாம இரு என்று எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. ஆடாமல் இருப்பதாம்! நடுவில் வந்த இருவரும் அவன் காலுக்குக் கீழே ஏறி நிற்கிறார்கள், இறங்க வழியில்லை, ஏற வழியில்லை, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு, கன்னத்தில் பாசி, மூக்கில் பாசி.

அப்போதுதான் மேலே கல் நகர்கிற சத்தம் கேட்டது, பெரிய கல், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தள்ளினால்தான் நகரும், அதன் பின்னால் ஒரு முண்டாசு, முண்டாசுக்குக் கீழே ஒரு மீசை… ஐயோ, அந்த மீசை. "யாருடா அது பல்லி மாதிரி?" என்றது மீசை, பிறகு குனிந்து பார்த்தது, பிறகு இன்னும் குனிந்தது. "அட! மாப்ளே!" இந்த மாதிரி நேரத்துக்கு என்ன மரியாதை என்று ரூப்நாக்குக்குத் தெரியவில்லை, கும்பிடக் கையை எடுத்தால் விழுந்துவிடுவான். "மச்சான், சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டான். "சௌக்கியத்துக்கு என்ன குறை, உங்க ஆளுங்க ஆறு நாளா குண்டு போட்டு என் அடுப்பு இடிஞ்சு போச்சு, தூக்கம் போச்சு, மத்தபடி சௌக்கியம்தான். நீ என்ன அங்கேயே நின்னுட்டே, வா மேல." "ஏணி எட்டலை மச்சான்." பாக்நாக் ஏணியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அவன் முகத்தில் பரவிய சந்தோஷத்தை ரூப்நாக் சாகிறவரை மறக்கப் போவதில்லை. "உங்க குடும்பமே அளவு தெரியாத குடும்பம்டா! கல்யாணத்துல எனக்கு முண்டாசு கட்டினீங்களே, மூணு சுத்து வரலை, ஊரே சிரிச்சுது, அன்னிக்கு முண்டாசு எட்டலை, இன்னிக்கு ஏணி எட்டலை!" அந்த முண்டாசு! எத்தனை வருஷம் ஆகிறது, அப்பா சந்தையில் பார்த்துத்தான் வாங்கினார், மச்சானின் தலை இவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும், அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்து போனவன்தான், அதற்குப் பிறகு வீட்டு வாசல் மிதிக்கவில்லை… "மச்சான், அதை இப்பப் பேசணுமா?" "வேற எப்பப் பேச? நீதான் வர்றதே இல்லையே!" என்றவன் சுவர்மேல் வயிறு படியப் படுத்துக் கையைக் கீழே நீட்டினான், தூக்கிவிடத்தான் போகிறான் என்று ரூப்நாக் ஒரு கணம் நம்பிவிட்டான், அந்தக் கை நேராக வந்து அவன் காதைப் பிடித்தது. கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் காதைத் திருகுவது வழக்கம், தங்கச்சியை ஒழுங்காக வைத்துக்கொள் என்று, அன்றைக்கும் இப்படித்தான் திருகினான், ஆனால் அன்று காலுக்குக் கீழே தரை இருந்தது.

"கொங்கணத்துக்குப் போறேன்னியாமே?" என்றான் பாக்நாக், திருகிக்கொண்டே. அது உனக்கு எப்படி… என்று வாய்க்குள் வருவதற்கு முன்பே மேலே இன்னொரு தலை எட்டிப் பார்த்தது, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், கையில் ஆவி பறக்கிற சட்டி, கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற வாசனை, பக்கத்துப் பெண்களெல்லாம் அதைத்தான் சுவரிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள் போல… சகுணா. அண்ணிக்குப் பிரசவம் என்று வந்தவள், படை வந்ததும் அடிவாரத்துச் சேரியே கோட்டைக்குள் ஏறிக்கொள்ள, இவளும் ஏறிவிட்டாள், இதெல்லாம் பிறகு தெரிந்தது, அப்போது தெரிந்தது சட்டி மட்டும்தான், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, அண்ணனைப் பார்த்துச் சொன்னாள், "அண்ணா, அவர்கிட்ட கேளு, இறால் எங்கேன்னு." பீரங்கி இந்தப் பக்கம் ஒரு குண்டு போடக் கூடாதா, இப்போதே, இங்கேயே? "சகுணா, சட்டி…" "அண்ணா, அவர்கிட்ட சொல்லு, சட்டி சுடுதுன்னா எறங்கிப் போகச் சொல்லு." "எறங்க வழியில்லை சகுணா, கீழே ரெண்டு பேர் நிக்கிறான்." அவள் உதட்டைக் கடித்தாள், அது சிரிப்பா, அழுகையா? பத்து வருஷம் குடித்தனம் பண்ணியும் அந்த உதடு கடிப்பு மட்டும் பிடிபடவில்லை. பிறகு கூழ்ச்சட்டியைச் சுவர்மேல் வைத்தாள், மெதுவாக, உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள், அவ்வளவு போதும், அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கூழின் ஆவி என்று சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளேயிருந்து யாரோ அதட்டினார்கள், பாக்நாக்கின் மேலாள் நாயக்காக இருக்க வேண்டும். "என்னடா அங்க பேச்சு?" பாக்நாக் காதை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி, "எதிரியைத் திட்டிக்கிட்டிருக்கேன் நாயக்!" என்றான். "திட்டினது போதும், கல்லை உருட்டு!" கீழேயிருந்து ஹவில்தார், "மேல யாரோடடா பேசறே?" ரூப்நாக்கின் வாய் அவனைக் கேட்காமலேயே, "சரணடையச் சொல்றேன் ஹவில்தார்!" என்றது. எப்படி வந்தது அந்த வார்த்தை? "என்ன சொல்றான்?" "யோசிக்கிறான்!" பாக்நாக் நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தான், கல்லில் கை வைத்தபடி, ஒரு பக்கம் நாயக், ஒரு பக்கம் தங்கச்சி. அவன் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்தச் சுவரைக் காக்கிறார்கள், சுவரை மட்டும், உள்கோட்டைப் பக்கம் நிழல்கூட விழக்கூடாது, கோட்டைத் தலைவர் கில்லேதாரின் தண்ணீர்க் குடத்துக்கு ஆகாது. கம்பெனியில் கோட்டாவது கொடுக்கிறார்கள் என்று ரூப்நாக் ஒருமுறை சொன்னதற்கு, கோட்டுக்காக வெள்ளைக்காரனுக்கு மச்சினன் ஆகாதேடா என்று கத்தினவன், இப்போது ரகசியக் குரலில், "மாப்ளே, நல்லாக் கேளு, கல்லை இடது பக்கம் தள்ளறேன், அங்க வெறும் களாப் புதர்தான், நீ பெரிசா ஒரு அலறல் போடு" என்றான். "எப்படி அலற?" "செத்த மாதிரி." "செத்தவன் அலறமாட்டானே மச்சான்." "அண்ணா, அவர்கிட்ட சொல்லு, இப்பவாவது வாயை மூடிட்டு அலறச் சொல்லு!" பாக்நாக் ஊரே கேட்கும்படி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கல்லைத் தள்ளினான், காதோரமாகக் காற்று இரைந்தது, ரூப்நாக் அலறினான், எவ்வளவு அருமையாக அலறினான்! அதில் காலையிலிருந்து சேர்ந்திருந்த எல்லாம் வந்தது, குரங்கு, கட்டை விரல், இறால், எல்லாம். மலை அதைத் திருப்பி அலறியது போலவும் கேட்டது, பாறை எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டான், தன் குரலைவிடக் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் தாமதமாக.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கு வாசலில் கொம்பு ஊதியது. கில்லேதார் தன் மூட்டை முடிச்சுகளோடும் பல்லக்கோடும் பத்திரமாகப் போகலாம் என்று துரைமார் ஒத்துக்கொண்டுவிட்டார்களாம், வெள்ளைத் துணி ஏறிவிட்டது, பேச்சு விடிந்ததிலிருந்தே நடந்ததாம், மேற்குச் சுவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, மேற்குச் சுவருக்கு யார் எப்போது சொல்லி அனுப்பினார்கள்? "கோட்டை விழுந்துடுச்சா?" என்றான் பாக்நாக் நம்பாமல். "விழுந்துடுச்சு போல மச்சான்." "நான் இன்னும் நின்னுட்டுத்தானேடா இருக்கேன்!" கீழே ஹவில்தார் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு குதித்தார், "சொன்னான்டா! நம்ம ரூப்நாக் பேசியே சரணடைய வச்சுட்டான்டா!" இல்லை ஹவில்தார் என்று சொல்ல வாய் திறந்தான், அப்போது பாக்நாக்கின் கை மறுபடி கீழே வந்தது, இந்தத் தடவை காதுக்கு அல்ல, மணிக்கட்டைப் பிடித்து, கூழ் குடிச்சே இத்தனை கனமாடா நீ என்று திட்டிக்கொண்டே இழுத்து உள்ளே போட்டது. அப்படித்தான் வாக்ஜாய் கோட்டைக்குள் முதலில் நுழைந்த கம்பெனி சிப்பாய் ரூப்நாக் ஆனான், முகம் குப்புற, பெண்டாட்டியின் காலடியில். அவள் பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், பிறகு குனிந்து அவன் கன்னத்துப் பாசியைத் தலைப்பால் துடைத்தாள், தேவைக்கு மேலேயே அழுத்தித் துடைத்தாள்.

மத்தியானம் மேற்குப் பக்க அடிவாரத்துச் சேரியில் எல்லாம் சிரிப்பாகத்தான் போயிற்று. கொக்கு துரை வந்தார், ஹவில்தார் சொல்லச் சொல்லக் கழுத்தை ஆட்டினார், ரூப்நாக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாய் பெரிசு! நல்ல வாய்!" என்றார், நாயக் பதவிக்குப் பெயர் அனுப்புவதாகவும் சொன்னார், பக்கத்தில் கைகட்டி நின்ற பாக்நாக், துரை, அது எங்க குடும்பத்துக்கு வந்த வாய் என்றான், துரைக்குப் புரியவில்லை, அதற்கும் தலையாட்டினார். சகுணா அந்தக் கூழையே ஊற்றினாள், பூண்டுச் சட்னியும் பாக்ரி ரொட்டியும் வைத்தாள், அண்ணனிடம் பேசி முடித்து இவனிடம் நேராகவே பேச ஆரம்பித்திருந்தாள், இன்னும் வேணுமா என்று கேட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அதுவே போதும். பாக்நாக் அலறலை நடித்துக் காட்டினான், பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள், மச்சினன் ஆகாதே என்றவன், வாசல் மிதிக்காதவன், முட்டியில் முட்டி படும்படி பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாக்ரியில் பாதியைப் பிய்த்து இவன் தட்டில் போட்டான். இத்தனைக்கும் ஒரு கல்தான் காரணம், யார் மேலும் விழாத கல், இப்படி ஒரு கல் எல்லாக் குடும்பத்துக்கும் கிடைத்தால்…

தூளியில் யாரையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள், கம்பில் கட்டிய கம்பளி, அதிலிருந்து முனகல், அந்த முனகல் தெரிந்த முனகல். மேற்குச் சுவருக்குக் கீழே கிடந்தானாம், இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது, கட்டுக் கட்டியிருந்தார்கள், கட்டு நனைந்திருந்தது. ரூப்நாக் கையைக் கழுவாமலே எழுந்து போனான். அம்பநாக் கண்ணைத் திறந்து பார்த்து, "வந்துட்டியா வாய்க்காரா" என்றான், சிரிக்கவும் பார்த்தான், "நல்ல பலகைக்கல்லாப் பார்த்தேன்டா… களாப் புதர்க்கிட்ட… ரெண்டு கையில தூக்கினேன், உனக்கு முட்டுக் கொடுக்கத்தான்… ஏன்டா, நீ மேல இருந்தியே, எவன் போட்டான்னு பாத்தியா?" பின்னால் பாக்நாக் ஏதோ நடித்துக் காட்ட, பெண்கள் சிரிக்கிற சத்தம். பாக்நாக்குக்குத் தெரியாது, திரும்பிப் பார்த்தால் முகத்திலேயே தெரிந்துவிடும், அதனால் திரும்பிப் பார்க்கக் கூடாது. என்ன சொல்வது? எவனோ என்பதா? பெயரைச் சொன்னால் தோற்ற கோட்டையின் காவல்காரனை என்ன செய்வார்கள், ஒன்றும் செய்யமாட்டார்கள், சண்டையில் போட்ட கல்தானே, செய்வார்களோ? உன்மேல் விழ வேண்டியதுதான் என்மேல் விழுந்ததா என்று இவன் கேட்டால்? வாய் மறுபடியும் அவனைக் கேட்காமலேயே திறந்தது. "பார்க்கலைடா. வெயில் நேரா கண்ணுல அடிச்சுது."

"ஓ," என்றான் அம்பநாக். தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள், தூளி ஆடிக்கொண்டு போயிற்று, கம்பளிக்கு வெளியே தலையைத் திருப்பி அவன் பார்த்துக்கொண்டே போனான், ரூப்நாக்கை அல்ல, ரூப்நாக்குக்குப் பின்னால், காலையெல்லாம் நிழலில் கறுத்து நின்ற மேற்குச் சுவரை, அதன் தலைக்கு மேலே இப்போதுதான், மத்தியானம் சாய்ந்த பிறகு, முதல் வெயில் வந்து ஏறிக்கொண்டிருந்தது.